ஸ்கிபோராக்களின் கல்

எங்கள் ஊரில் கல்லெறிந்தால் ஒரு ஸ்கிபோரா மேல்தான் விழும். தவறி நாய் மேல் விழுந்தாலும் அது ஏதாவது ஒரு ஸ்கிபோரா வீட்டு நாயாகத்தான் இருக்கும். எனக்கு அதில் வருத்தமில்லை. கல்லெறியத் தோன்றும் நேரங்களில் குறி பார்க்கும் வேலை மிச்சம்.

ஊர்ப் பெயரே ஸ்கிபோரி. எல்லாருக்கும் ஒரே குடும்பப் பெயர் என்பதால் வீட்டுக்கு வீடு ஒரு பட்டப்பெயர் உண்டு. மணி வீடு, காக்கை வீடு, மீசை வீடு. கோவில் பெஞ்சுகளில்கூட அந்தப் பெயர்களைச் செதுக்கி வைத்திருக்கிறார்கள். பரம்பரை பரம்பரையாக அவரவர் பெஞ்சில் அவரவர். இவர்கள் எல்லாம் ஒரு காலத்தில் அரசருக்கு வாள் பிடித்த பிரபு வம்சமாம். உருளைக்கிழங்கு தோண்டும்போதும் கையுறை போட்டுக்கொண்டு தோண்டிய வம்சம். ஒரு சாண் வரப்புக்காகக் கூடப்பிறந்தவன் மண்டையை உடைத்த வம்சமும் இதுதான்.

எங்கள் வீட்டின் பட்டப்பெயர் தொழுவம். என் தாத்தா வாலெந்தி, மணி வீட்டில் பண்ணையாளாக இருந்தவர். அவருக்கும் குடும்பப் பெயர் ஸ்கிபோராதான். அது எப்படி என்று கேட்டால் ஊரில் பதில் தயாராக இருக்கும்: "எசமான் வீட்டு நாயையும் எசமான் பேரைச் சொல்லித்தானே கூப்பிடறாங்க." எங்களுக்குப் பெஞ்சு கிடையாது. கோவிலில் கடைசியில், பாடகர் மாடத்துக்கு அடியில் நிற்போம்.

வேடிக்கை என்னவென்றால், வார்சாவில் எவனிடமாவது போய் ஸ்கிபோரா என்று சொல்லிப் பாருங்கள். "மல்யுத்தக்காரருக்குச் சொந்தமா?" என்றுதான் கேட்பான். அந்த மல்யுத்தக்காரர் கயெதான் ஸ்கிபோரா, என் அப்பா. உலகப் போட்டியில் தங்கம் வாங்கியவர். அவர் வாங்கி வந்த அன்று ஊரே பேண்டு வாத்தியத்தோடு ரயிலடிக்குப் போய்த் தோளில் தூக்கி வந்தது. மறுநாள் ஞாயிறு. அந்த மப்பில் அப்பா மணி வீட்டுப் பெஞ்சின் ஓரத்தில் உட்கார்ந்துவிட்டார். மணி வீட்டுப் பெரியவர் குனிந்து, சின்னப் பையனைக் கூப்பிடுவதுபோல் பெயரைச் சுருக்கி, "கய்தெக், உன் இடம் பின்னாடி" என்றாராம். மெதுவாகத்தான் சொன்னாராம். தொண்ணூறு கிலோ ஆட்களைத் தலைக்கு மேல் தூக்கிப் போட்ட மனிதர் எழுந்து பின்னால் போய் நின்றார். இதை அப்பா என்னிடம் சொன்னதில்லை. அம்மா சொன்னாள்.

இன்னொன்றும் உண்டு. அப்பாவைப் பெற்ற மரியான்னா அதே மணி வீட்டில் வேலைக்காரி. அவளுக்கும் வாலெந்திக்கும் கல்யாணம் நடந்தபோது, அந்த வீட்டு மூத்த மகன் ஹியெரோனிம் அவளுக்கு ஒரு பசு கொடுத்தார். பசு தொழுவத்துக்கு வந்த நாளிலிருந்து, சும்மா யாராவது பசு கொடுப்பார்களா என்று பேச ஆரம்பித்தார்கள். உலை வாயை மூடினாலும் ஊர் வாயை மூட முடியுமா? ஹியெரோனிம் கல்யாணமே ஆகாமல் ஜெர்மானியர்கள் படையெடுத்த போரின் முதல் மாதத்திலேயே செத்துப்போனார். பேச்சு சாகவில்லை. அப்பா பள்ளிக்கூடம் போகும்போது பையன்கள் பின்னாலிருந்து மாடு மாதிரி கத்துவார்களாம். அப்பா மல்யுத்தம் கற்றுக்கொண்டது எந்தப் பயிற்சியாளரிடமும் இல்லை, அந்தப் பையன்களிடம்தான்.

இனி மணி வீட்டு அம்ப்ரோஷிக்கு வருகிறேன். ஹியெரோனிமின் தம்பி மகன். ஸ்கிபோரா வம்ச சங்கத்தின் தலைவர். நாடு முழுக்கச் சிதறிக் கிடக்கும் ஸ்கிபோராக்களைக் கூட்டிப் பூசை வைத்து, சோறு போட்டு, சட்டையில் வம்ச முத்திரை குத்தி அனுப்புவது இந்தச் சங்கத்தின் வேலை. போன ஜூலையில் அவர் எங்கள் வாசலில் வந்து நின்றார். கையில் மனைவி சுட்ட பாலாடைக்கட்டி கேக்.

"கயெதான் அண்ணே இருக்காரா?"

என் காதை என்னால் நம்ப முடியவில்லை. நான் பிறந்ததிலிருந்து இந்த வாய் என் அப்பாவை "ஏய் கய்தெக்" என்றுதான் கூப்பிட்டிருக்கிறது. அப்பாவுக்கு எண்பத்தொன்று. அம்ப்ரோஷிக்கு இன்னும் எழுபது ஆகவில்லை.

உள்ளே வந்து உட்கார்ந்தார். விஷயம் இதுதான். ஸ்கிபோரா என்ற பெயருக்குப் பெருமை சேர்த்தவர்களுக்குக் கோவில் முன்னால் ஒரு கல் நடப்போகிறார்கள். முதலில் கர்தினால். அடுத்தது ரஷ்யர்களை எதிர்த்த கலகத்தின் தளபதி. அவர் மீசை வீடு என்பதால், சதுப்பில் ஒளிந்து தவளைகளோடு போரிட்டவர் என்று காக்கை வீட்டார் சொல்வார்கள். பிறகு ஒரு பாடகி. பேர் கிடைத்த பிறகு இந்த ஊர்ப் பக்கம் அவள் தலைவைத்துக்கூடப் படுக்கவில்லை, புத்திசாலி. அப்புறம் பாசிகளை ஆராய்ந்த ஒரு பேராசிரியர்.

"அஞ்சாவதா நம்ம அண்ணன்," என்றார் அம்ப்ரோஷி. "கல்லுல வெட்டியே முடிச்சாச்சு."

"எங்க பேரு எதுக்கு உங்க கல்லுல? நாங்கதான் நாயாச்சே," என்றேன்.

"பழசெல்லாம் எதுக்கு ஸெனோபியா."

"டிவிக்காரங்க வர்றாங்களோ?"

அவர் இருமினார். டிவிக்காரர்கள் பாசிப் பேராசிரியருக்காக வர மாட்டார்கள் என்பது எனக்குத் தெரியும்.

"வராங்க. மல்யுத்தக்காரர் இருந்தா வரோம்னு சொன்னாங்க. ஆனா பாரு, சங்கத்துக்குன்னு ஒரு விதி இருக்கு. கல்லுல ஏறணும்னா வம்ச ரத்தமா இருக்கணும்."

"அப்ப கேக்கை எடுத்துக்கிட்டுக் கெளம்புங்க."

"பொறும்மா. அதுக்குத்தான் ஒரு வழி பண்ணியிருக்கேன்." அவர் அப்பா பக்கம் நாற்காலியை இழுத்துப் போட்டார். "எங்க பெரியப்பா ஹியெரோனிமும் உங்கம்மாவும் மனசார விரும்பினாங்க அண்ணே. ஊருக்கே தெரியும். ரகசியமா கல்யாணமும் பண்ணிக்கிட்டாங்க. வீட்டுல ஒத்துக்கல. வயித்துப் புள்ளையோட வாலெந்திக்குக் கட்டிக் குடுத்துட்டாங்க. அந்தப் புள்ளைதான் நீங்க."

"யாரு பாத்தா அந்தக் கல்யாணத்தை?" என்றேன்.

"நடந்த கோவில் போர்ல எரிஞ்சு போச்சு."

"ரொம்ப வசதியான தீ."

"ஆயர் வந்து கல்லை மந்திரிக்கிறார் ஸெனோபியா. அவரு முன்னாடி முறைதவறிப் பொறந்த புள்ளைன்னு சொல்ல முடியுமா? அதான் கல்யாணம்னு வெச்சேன். உங்களுக்கும் கௌரவமா இருக்கும்ல?"

"ஆமா. என் பாட்டிக்கு ஒரே நேரத்துல ரெண்டு புருஷன். கௌரவம் கூரையைப் பிச்சுக்கிட்டுப் போகுது. எந்திரிய்யா மேல!"

சாணி வாரும் முள்கரண்டியை எடுத்துக்கொண்டுதான் அவரை வாசல்வரை வழியனுப்பினேன். கேக்கைக் கோழிகளுக்குப் போட்டேன். தின்றன. கோழிகளுக்கு ரோஷம் கிடையாது.

அவ்வளவு நேரமும் அப்பா, மல்யுத்தத்தில் நசுங்கிப்போன காதைத் தேய்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார். அம்ப்ரோஷி வேலிப்படலைத் திறக்கும்போது ஜன்னல் வழியாகக் கேட்டார்: "எந்தக் கெழமை?"

அன்று சாயங்காலம் கறவை நேரத்தில் தொழுவத்தில் எங்களுக்குள் நடந்த சண்டையில் மாடுகள் பால் இறக்கவில்லை.

"பெத்தவளை வித்துப் பேரு வாங்கப் போறீங்களா?" என்றேன்.

"அவ போயி நாப்பது வருஷம் ஆச்சு. அவளுக்கு வலிக்காது."

"எனக்கு வலிக்குது."

"உனக்கு எதுக்கு வலிக்கணும்? அந்தப் பெஞ்சுலேந்து எந்திரிச்சுப் போனது நீயா?" முதல்முறையாக அவர் வாயிலிருந்து அதைக் கேட்டேன். "எல்லாரும் பாத்தாங்க. உங்கம்மாவும் பாத்தா. எனக்கு வயசாச்சு ஸெனியா. ஒரே ஒரு தடவை முன்னாடி உக்காந்துட்டுப் போறேன்."

"அப்ப தாத்தா? வாலெந்தி தாத்தா யாரு உங்களுக்கு? வழியில போனவரா?"

"நல்ல மனுஷன்," என்றார் அப்பா. "கேட்டா இதையும் குடுத்திருப்பாரு."

எனக்கு வந்த கோபத்துக்குப் பால் வாளியை உதைத்தேன். அந்த மனிதர் குளிரில் தன் கோட்டைக் கழற்றி இவருக்குப் போட்டுவிட்டு வைக்கோலைச் சட்டைக்குள் திணித்துக்கொண்டு வேலைக்குப் போனவர். அவரையே இவர் தூக்கிக் கொடுத்துவிடுவாராம், பெயருக்காக! அந்த நிமிஷம் என் அப்பாவை நான் வெறுத்தேன். அம்ப்ரோஷியை வெறுத்ததைவிட அதிகமாகவே வெறுத்தேன், அம்ப்ரோஷியிடம் எனக்கு எதிர்பார்ப்பு ஒன்றும் இல்லையே.

கார் ஓட்ட மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். கூட்டத்தன்று காலையில் அவர் கோட்டு போட்டு, தங்கப் பதக்கத்தைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு, தடியை ஊன்றி நடக்க ஆரம்பித்தார். கோவில் பக்கத்துக் கிராமத்தில் இருக்கிறது. பால் லாரி வந்து போகும்வரை பொறுத்தேன். அப்புறம் சாணி நாறும் அதே பூட்ஸோடு காரை எடுத்துப் போனேன். பாதி வழியில் ஒரு மைல்கல் மேல் உட்கார்ந்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார். நான் கதவைத் திறந்தேன். ஏறிக்கொண்டார்.

கோவிலுக்கு எதிரே தீயணைப்பு நிலைய மண்டபத்துக்கு வெளியே பெரிய கூடாரம். நாலாபுறமும் ஸ்கிபோராக்கள். ஒருவரையொருவர் சட்டையிலிருந்த பட்டப்பெயர்களைப் படித்து அடையாளம் கண்டு, மேல் வீடென்றால் கட்டிப்பிடித்து, கீழ் வீடென்றால் முகம் சுளித்துக்கொண்டிருந்தார்கள். கூடாரத்துக்கும் கோவிலுக்கும் நடுவில் கல், மேலே துணி. அப்பாவை முதல் வரிசையில் ஆயருக்குப் பக்கத்தில் உட்காரவைத்தார்கள். அவர் முதுகை நிமிர்த்தி உட்கார்ந்த அழகைப் பார்க்க எனக்குப் பொறுக்கவில்லை. எழுந்து வெளியே போய், யாரும் பார்க்காதபோது துணியைத் தூக்கிக் கல்லைப் பார்த்துவிட்டு வந்தேன்.

திரும்பி வந்தபோது அம்ப்ரோஷி மைக்கில் இருந்தார். மற்ற நாலு பேரையும் வேகமாக முடித்துவிட்டார். டிவி கேமரா இப்போது அப்பா பக்கம் திரும்பியிருந்தது. அப்பாவை மேடைக்குக் கூப்பிட்டார். இரண்டு பேர் கைத்தாங்கலாக ஏற்றினார்கள்.

"இந்தத் தோளைப் பாருங்க!" என்றார் அம்ப்ரோஷி. "இந்த பலம் எங்கேந்து வந்துச்சு? வம்ச ரத்தம்! வீரன் ஹியெரோனிம் ரகசியமா மணந்துக்கிட்ட ஏழைப் பொண்ணு மரியான்னாவோட ஒரே மகன் இவரு! விதி பிரிச்சுது. ஆனா பிரியும்போது காதலோட அடையாளமா அந்த வீரன் அவளுக்கு ஒரு பசுவை..."

கடைசி வரிசையிலிருந்து ஒரு கிழவன் கத்தினான். "ம்ம்மாஆ!"

அப்புறம் கூடாரமே சிரித்தது. வயதானவர்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார்கள். விஷயம் தெரியாத வெளியூர்க்காரர்கள் அவர்களைப் பார்த்துச் சிரித்தார்கள். ஆயர்கூடப் புரியாமல் புன்னகைத்தார். அம்ப்ரோஷியும் சிரித்துக்கொண்டே வம்ச முத்திரையை அப்பாவின் கோட்டில் குத்த வந்தார்.

அப்பா அவர் மணிக்கட்டைப் பிடித்தார். இன்னொரு கையால் மைக்கை வாங்கிக்கொண்டார்.

"அம்ப்ரோஷி, ஒரு சந்தேகம். அந்தக் கல்யாணம் நெசந்தானே?"

"நெசந்தான் அண்ணே!"

"ஆயர் முன்னாடி சொல்றே."

"மாதா சாட்சியா சொல்றேன்!"

"அப்ப நான் ஹியெரோனிமுக்குப் பொறந்தவன். அவருக்கு வேற புள்ளை இல்லை."

"சிங்கத்துக்கு ஒரே குட்டி!" கைதட்டல்.

"ஹியெரோனிம் உங்க வீட்டுக்கு மூத்தவரு. ஆத்தோரப் புல்வெளி அவரு பங்கு. அவருக்கு வாரிசு இல்லைன்னுதான் அது உங்கப்பாவுக்கு வந்துச்சு. அப்படித்தானே?"

அம்ப்ரோஷி கையை இழுத்துப் பார்த்தார், அப்பா விடவில்லை.

"இப்ப வாரிசு நான் இருக்கேன்," என்றார் அப்பா. "எம் பொண்ணு நாப்பது மாடு வெச்சுக்கிட்டுப் புல்லுக்கு அலையறா. எப்ப வந்து அளந்துக்கலாம்?"

கூடாரத்தில் சிரிப்பு நின்றுவிட்டு மறுபடி எழுந்தது. இந்தமுறை வேறு திசையில். காக்கை வீட்டார் நாற்காலி மேலேயே ஏறிவிட்டார்கள். "குடுத்துடு அம்ப்ரோஷி! ரத்தம் கேக்குதில்ல!" மணி வீட்டு வரிசையில் அம்ப்ரோஷியின் மகன் கழுத்து சிவக்க எழுந்து நின்றான். புல்வெளியை உழுது மக்காச்சோளம் போட்டிருப்பது அவன்தான். "யோவ், என்னய்யா ஒளறி வெச்சிருக்கே!" என்று அம்ப்ரோஷியின் மனைவி கத்தியது மைக் இல்லாமலே எல்லாருக்கும் கேட்டது. பெயருக்கு ஆள் பிடிக்கப் போனவருக்கு, ஆள் வந்தால் நிலமும் கூடவே போகும் என்று தோன்றவில்லை. வம்சம் வம்சம் என்று மேலே பார்த்தே நடந்தால் இப்படித்தான்.

"அண்ணே... அது... ஒரு கதைதானே," என்றார் அம்ப்ரோஷி. "கல்யாணம்லாம் நடக்கலை. நானா சேத்தது."

"மாதாவைச் சாட்சிக்குக் கூப்பிட்டியே?"

ஆயர் இப்போது புன்னகைக்கவில்லை.

"அப்ப கல்யாணம் இல்லாமலே பொறந்தேனா?"

"கல்யாணமில்லாப் புள்ளைக்கும் பங்கு உண்டு!" என்று காக்கை வீட்டு வக்கீல் குரல் கொடுத்தான். அவனுக்கு என் அப்பா மேல் அன்பு ஒன்றும் இல்லை. மணி வீட்டின் மேல் இருந்த வெறுப்பு, அவ்வளவுதான். அன்றைக்கு அது போதும்.

"இல்லை! இல்லவே இல்லை!" அம்ப்ரோஷி கிட்டத்தட்ட அழுதார். "எங்க பெரியப்பா வெரல்கூட அவ மேல படலை!"

"எவ மேல?"

"மரியான்னா... மரியான்னா அம்மா மேல."

"நான் யாரு மகன்?"

"வாலெந்தி மகன்."

"வாலெந்தி யாரு?"

"வாலெந்தி... வாலெந்தி ஐயா."

"பசு?"

"கல்யாணச் சீரு. வேற ஒண்ணுமில்லை."

"சத்தமாச் சொல்லு. பின்னாடி ஒரு மாடு கத்துச்சு பாரு, அதுக்குக் கேக்கணும்."

"கல்யாணச் சீரு!" என்று கத்தினார் அம்ப்ரோஷி. "மரியான்னா அம்மா மானமான பொம்பளை! நீங்க வாலெந்தி ஐயாவோட மகன்! எங்க வீட்டுக்கும் உங்களுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை!"

"அவ்வளவுதான்," என்றார் அப்பா. மணிக்கட்டை விட்டார். மைக்கை ஆயர் கையில் கொடுத்தார். படியில் அவரைத் தாங்க யாரும் வரவில்லை, நான் ஓடினேன். கூடாரத்தின் நடுவழியில் நடந்து வந்தோம். கடைசி வரிசைக் கிழவன் தன் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

காரில் ஏறியதும் எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. ஸ்டியரிங்கைத் தட்டித் தட்டிச் சிரித்தேன். "அவன் மூஞ்சியைப் பாத்தீங்களா? அவன் பொண்டாட்டி இன்னிக்கு அவனுக்குச் சோறு போட மாட்டா! அப்பா, என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல, திட்டம் போட்டுத்தான் போறீங்கன்னு?"

"திட்டம் ஒண்ணும் இல்லை," என்றார் அப்பா. "அந்த முத்திரையை வாங்கிக்கத்தான் போனேன்."

"என்னது?"

"அந்த மாடு கத்தாம இருந்திருந்தா வாங்கிட்டு வந்திருப்பேன்."

என் சிரிப்பு நின்றது. அவர் பதக்கத்தைக் கழற்றிக் கோட்டுப் பைக்குள் போட்டுக்கொண்டார். மக்காச்சோளம் நின்ற ஆற்றோரத்தைக் கடந்தோம். அவர் அந்தப் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"நீ வெளில போனியே, கல்லைப் பாத்தியா?"

"பாத்தேன்."

"எம் பேரு இருந்துச்சா?"

"இருந்துச்சுப்பா."

"எழுத்து எம்மாம் பெருசு?"

ஒரு கையை எடுத்து விரலை விரித்துக் காட்டினேன்.

"கர்தினாலுக்கும் அதே அளவா?"

"அதே அளவுதான்."

தலையாட்டினார். எனக்கு வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்க முடியவில்லை. அவர்கள் மேலிருந்த கோபம் இன்னும் அடங்கவில்லை. "சாயங்காலத்துக்குள்ள சிமெண்ட் பூசிடுவானுங்க பாருங்க, பாவிங்க," என்றேன்.

"பூசுவாங்க," என்றார். கொஞ்ச தூரம் போன பிறகு நசுங்கிய காதை என் பக்கம் திருப்பிக் கேட்டார்:

"பூசினாலும் அடியில இருக்கும்ல?"